மீன்காட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்

“எந்திரிங்கப்பா. இன்னிக்கு அந்த நாற்காலில நான் உட்காருறேன்.”

கேட்டேவிட்டாள் கைசா. அப்பாவிடம் வண்டிச் சாவியைக்கூடக் கேள், அந்த நாற்காலியை மட்டும் கேட்காதே என்று அம்மா அவளுக்குப் பத்து வயதிலிருந்து சொல்லி வந்திருக்கிறாள்.

மீன்குடிசைக்குள் மூன்று பேர். காலுக்குக் கீழே இரண்டடிப் பனிக்கட்டி, அதில் தூண்டில் இறக்க ஒரு துளை, அதற்கும் கீழே ஏரி. நாற்காலியில் அப்பா ரெய்னோ. அவருக்கு எதிரே அந்தப் பழைய மீன்காட்டி: வட்டத் தட்டு, அதற்குள் சுழலும் விளக்கு, ஓரத்தில் ஆழத்தைக் காட்டும் எண்கள். ஏரித் தரை தடித்த சிவப்பாக விழும். தூண்டில் இரை மெல்லிய பச்சைக் கோடு. மீன் ஓரமாக வந்தால் பச்சை, நேர் கீழே வந்துவிட்டால் சிவப்பு. கைசாவுக்கு ஆறு வயதிலேயே தெரியும். ஆனால் தட்டைப் பார்ப்பது ஆண்கள் வேலையாம். பெண்கள் தூண்டிலைப் பிடித்தால் போதுமாம்.

“நாலு வருஷம் காலேஜ்ல மீனைப் பத்தித்தானே படிச்சேன்?”

“நீ படிச்சே. மீன் படிக்கலையே” என்றார் அப்பா.

மூலையில் ரொட்டி மென்றுகொண்டிருந்த ஆர்வோ சித்தப்பா சிரித்தார். ஒரு கையில் சிவப்புக் கையுறை, மறு கையில் பச்சைக் கையுறை. இவர்தான் அடுத்த வாரிசு! அப்பாவுக்கு வரும் வாரம் முட்டியில் அறுவை சிகிச்சை. அந்தச் சனிக்கிழமையே வெளியூர்க்காரர்கள் மீன் பிடிக்க வருகிறார்கள். நாற்காலி சித்தப்பாவுக்கு என்று முடிவாகியிருந்தது. கைசாவின் போனிலோ டுலூத் நகரத்திலிருந்து வேலைக் கடிதம். இன்றைக்குள் பதில் சொல்ல வேண்டும். நாற்காலி கிடைத்தால் இங்கே, இல்லாவிட்டால் அங்கே.

“அசையாதே! பதினஞ்சடில மீன்!” என்றார் அப்பா, தூண்டிலைப் பிடித்திருந்த கைசாவிடம். “ரெண்டடி ஏத்து. பார்த்தியா, கூடவே வருது! இன்னும் ஏத்து. இன்னும் வருது! என்னமா துரத்துது பாரு!”

கைசா எட்டிப் பார்த்தாள். பச்சைக் கோடு.

“அப்பா, அது என் இரை. நான் ஏத்துனா அது ஏறாம வேற என்ன பண்ணும்?”

“எனக்கே சொல்லித் தர்றியா?”

கோபத்தில், காட்டியின் உணர்திறனைக் கூட்டும் திருகை முழுதாகத் திருப்பினார். தட்டு முழுக்கக் கோடுகள்.

“பாருடா ஆர்வோ, கூட்டமா வந்திருச்சு!”

“ஏரியே காலியாயிடும் போலிருக்கேண்ணே.”

“அது மீனில்ல, குப்பை. திருகைக் குறைங்கப்பா.”

குறைத்தால் மகள் சொன்னதைக் கேட்டதாகிவிடுமே. அப்பா குறைக்கவில்லை. சந்தேகம் தீர்த்துவைக்கிறேன் என்று சித்தப்பா வண்டியிலிருந்து தன் மீன்காட்டியைக் கொண்டுவந்தார். அதற்கொரு துளை வேண்டுமே. பக்கத்திலேயே போட்டார். துளையிலிருந்து கூழ்ப்பனியோடு தண்ணீர் பொங்கி மூவர் பூட்ஸுக்குள்ளும் புகுந்தது. இரண்டு காட்டிகளும் பக்கத்துப் பக்கத்தில் ஓடினால் ஒன்று அனுப்பும் ஒலியை இன்னொன்று மீன் என்று காட்டும். இரண்டு தட்டுகளும் தீபாவளி மத்தாப்பாகப் பொறிந்தன.

“ரெண்டுலயும் மீன்!” என்று இருவரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

கைசா சித்தப்பாவின் காட்டியை அணைத்தாள். கையை நீட்டி அப்பாவின் திருகையும் இறக்கினாள். தட்டு தெளிந்தது. இருபத்து நாலில் தரை. இருபதில், அவள் மறுபடி இறக்கியிருந்த இரை. அதை ஒட்டி ஒரு பச்சை, மெதுவாகச் சிவந்தது.

“வந்திருச்சு! இழுக்கிறேன்!”

“இழுக்காதே, அது தரை!” அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

தரை, தூண்டிலை ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. தூண்டில் நரம்பு அறுந்தது.

அப்பா அவள் மணிக்கட்டை விட்டார்.

“உன்னாலதான். நாலு வருஷமா புத்தகத்தைப் பிடிச்ச கை, தூண்டில் எங்கே நிக்கும்?”

அப்பாவின் இடப்பக்கம் ஒரு ஸ்டூல். காப்பி ஊற்றித் தரவென்று அம்மா முப்பது வருஷம் அதில் உட்கார்ந்திருந்தாள். போன குளிர்காலம், “இனி உங்க பாடு, உங்க மீன் பாடு” என்று நின்றுவிட்டாள். அதோடு மீனும் நின்றுவிட்டது. அப்பா மட்டும் இன்னும் இடது காலை அந்தக் காலி ஸ்டூலின் பக்கமே நீட்டி வைத்திருந்தார்.

“மீன் போனாலும் போகட்டும், நாற்காலி போகக்கூடாது. அப்படித்தானே?” என்றாள் கைசா. அப்பா தட்டையே முறைத்தார்.

நரம்பு அறுந்த தூண்டிலை ஸ்டூலின் மேல் வைத்தாள். போனை எடுத்து, ‘வருகிறேன்’ என்று டுலூத்துக்குப் பதில் அனுப்பினாள். கதவை அறைந்து சாத்திவிட்டுப் பனியில் இறங்கி நடந்தாள். பூட்ஸுக்குள் தண்ணீர் சளக் சளக் என்றது.

பின்னால் கதவு திறந்தது. தொப்பிகூட இல்லாமல் சித்தப்பா மூச்சிரைக்க ஓடிவந்தார். அவள் நடையைக் குறைக்கவில்லை.

“கைசா, நில்லும்மா! நாற்காலில நீயே உட்காரு, இல்லேன்னா உங்கம்மாவையாவது வரச் சொல்லு! முப்பது வருஷமா அவ உங்கப்பன் காலை மிதிச்சு மிதிச்சுத்தான் மீன் எது, தரை எதுன்னு சொன்னா. எங்க ரெண்டு பேருக்கும் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தாம்மா தெரியும்!”