பாதிக் கரண்டு மீன்

முட்டை வெடித்தது. சும்மா 'பட்' என்று இல்லை. மைக்ரோவேவ் பெட்டியின் கதவு தானாகத் திறந்துகொள்கிற அளவுக்கு வெடித்தது.

வெந்துவிட்டதா என்று கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த வெல்டர், மஞ்சள் கருவை முகத்திலிருந்து வழித்து எறிந்தார். முப்பத்தெட்டு வருஷம் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். எந்தச் சிலிண்டரும் அவரிடம் இப்படி மரியாதை இல்லாமல் நடந்துகொண்டதில்லை.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா கழுத்தில் டேப்போடு ஓடி வந்தாள்.

"என்ன அண்ணே, சிலிண்டரா?"

"முட்டைம்மா."

"முட்டையா இவ்ளோ சத்தம் போட்டுது?"

"எட்டு நிமிஷம் ஃபுல்லுல வெச்சேன். நல்லா வேகட்டும்னு."

"ஓட்டோடயா?"

"முட்டைன்னா ஓட்டோடதாம்மா வரும். நானா ஒட்டவெச்சேன்?"

மணி பத்தரை. ஒரு மணிக்கு மகள் வருகிறாள். அதுதான் தலைவலி.

மனைவி போனபின் தனியாக இருக்கிற மனுஷன். போன மாசம் ஒரு பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டுத் தூங்கிப் போனார். பாத்திரம் கருகியது, அவ்வளவுதான். வீடு அப்படியேதான் இருந்தது. ஆனால் மகள் வந்து அடுப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் இந்தப் பெட்டியை வைத்துவிட்டுப் போனாள். மூன்று நாள் முன்னால் ஃபோன் பண்ணினாள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் எல்லாரும் வர்றோம்ப்பா. நீங்களே சமைச்சு வையுங்க. சாப்பிட்டுப் பாத்துட்டு ஒரு முடிவு பண்ணணும்."

"என்ன முடிவு?"

"நேர்ல பேசிக்கலாம்ப்பா."

நேரில் பேசிக்கலாம் என்று சொல்கிறவர்களை வெல்டர் எந்தக் காலத்திலும் நம்பியதில்லை. நல்ல சேதியாக இருந்தால் ஃபோனிலேயே சொல்லியிருப்பாள். சமைக்கத் தெரியவில்லை என்று சாக்கு வைத்து வீட்டைப் பூட்டி, தன்னை அவள் வீட்டு மூலையில் கொண்டுபோய் உட்காரவைக்கத் திட்டம். இதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை.

"நான் பண்ணித் தரட்டுமா அண்ணே?"

"நீ பண்ணா அது ஏமாத்து வேலை. அதுவும் உன் கைப்பக்குவம் அவளுக்குத் தெரியும். நீ அந்தப் புத்தகத்தை மட்டும் படி."

பெட்டியோடு வந்த புத்தகம் பன்னிரண்டு மொழியில் இருந்தது. அதனாலேயே வெல்டருக்கு அதன்மேல் சந்தேகம். ஒரு பொய்யை ஒருத்தன் ஏன் பன்னிரண்டு தடவை சொல்கிறான்?

"உறைஞ்ச மீனை முப்பது சதவீதத்துல வெச்சு, நடுவுல திருப்பிப் போட்டு..."

"முப்பதா? ஃபுல்லு இருக்கிறப்ப முப்பது எதுக்கு? பட்டன் நிறைய இருந்தாதான் பெட்டி பெருசா தெரியும்னு வெச்சிருக்கான். நகரு."

கல்லு மாதிரி இருந்த மீனை உள்ளே தள்ளி, ஃபுல்லில் பத்து நிமிஷம் வைத்தார். எடுத்துப் பார்த்தால் ஓரமெல்லாம் செருப்புத் தோல். நடுவில் குத்தினால் ஐஸ்.

"இப்ப என்ன பண்றது அண்ணே?"

"இன்னும் அஞ்சு நிமிஷம்."

அஞ்சு நிமிஷத்தில் நடுவும் செருப்பானது. ஒரு ஜோடிக்கு ஆகும்.

கோபத்தை உருளைக்கிழங்கின்மேல் காட்டினார். நாலு கிழங்கைக் கழுவி அப்படியே உள்ளே போட்டார். தையல்காரம்மா புத்தகத்தில் விரல் வைத்து, "முள்கரண்டியால குத்தணுமாம்" என்று முடிப்பதற்குள் முதல் கிழங்கு வெடித்தது. இரண்டாவது, அதைப் பார்த்துப் பயந்ததுபோல உடனே வெடித்தது.

"இதைத்தானே சொல்ல வந்தேன்!"

"வெடிச்சப்புறம் யார் வேணா சொல்லலாம்!"

பெட்டியைத் துடைத்தார். துடைத்த கையோடு இன்னொரு யோசனை வந்தது. அதுதான் அன்றைக்கு வந்த யோசனைகளிலேயே மட்டமானது. மிச்சம் இருந்த இரண்டு கிழங்கையும் தங்கக் கரை போட்ட நல்ல தட்டில் வைத்து உள்ளே தள்ளினார். தட்டு கெட்டி, சூடு தாங்கும் என்று கணக்கு.

பெட்டிக்குள் நீலமாக ஒரு வெளிச்சம் சீறியது.

"ஐயையோ!" என்று தையல்காரம்மா நாற்காலிக்குப் பின்னால் போனாள்.

வெல்டர் நகரவில்லை. காலையிலிருந்து அந்தப் பெட்டி செய்த காரியங்களில் அவருக்குப் புரிந்தது இது ஒன்றுதான். "ஆர்க் அடிக்குது, வெல்டிங்ல அடிக்கிற மாதிரியே" என்றார், பழைய நண்பனைப் பார்த்ததுபோல. பிறகுதான் சுயநினைவு வந்து சுவிட்சை அணைத்தார். தங்கக் கரை கரிக்கரை ஆகியிருந்தது.

மணி பதினொன்றே முக்கால். வெல்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். மடியில் செருப்பு மீன்.

"பாரும்மா இதை. ஓரம் தீயுறப்ப நடுவுல சூடே பிடிக்கல. என்கிட்ட வேலை கத்துக்க வந்த பயலுக மொத நாளு இப்படித்தான் பண்ணுவானுங்க. மெல்லிசு தகட்டுல ஃபுல் கரண்ட்டை வெச்சு..."

நிறுத்தினார்.

"வெச்சு?"

"ஓட்டை போட்டுடுவானுங்க." மீனைத் திருப்பிப் பார்த்தார். "ஃபுல்லு இருக்குன்னு ஃபுல்லுல வெக்கிறவன் வெல்டரே இல்லைன்னு எத்தனை பேர் மண்டையில தட்டியிருக்கேன்! தடிமன் பாத்து கரண்ட் வைடா மடையான்னு..."

"அதைத்தான் அண்ணே இவனும் பன்னிரண்டு பாஷையில சொல்றான்."

"அவன் மடையான்னு சொல்லியிருந்தா எனக்கு அப்பவே புரிஞ்சிருக்கும்."

அதற்கப்புறம் அவர் கை வேறு கை ஆனது. தையல்காரம்மா தன் வீட்டிலிருந்து வேறு மீன் கொண்டுவந்தாள். முப்பதில் வைத்து, பாதியில் திருப்பிப் போட்டு, விரலால் அழுத்திப் பார்த்து ஐஸை இறக்கினார். பிறகு உப்பும் மிளகும் தடவி, கண்ணாடிக் கிண்ணத்தில் மூடி போட்டுப் பாதிக் கரண்டு. கிழங்குக்குக் கனம் அதிகம். அதற்கு ஃபுல், ஆனால் நாலு பக்கமும் குத்து. முட்டையை உடைத்து ஊற்றி, கருவை ஊசியால் கிழித்து, பாதியில் வைத்துப் பக்கத்திலேயே நின்றார்.

"ஆச்சே, எடுக்கலாமா?" என்றாள் தையல்காரம்மா.

"கையை வைக்காதே. சூடு உள்ள ஓடிக்கிட்டு இருக்கும். ரெண்டு நிமிஷம் அதுபாட்டுக்கு இருக்கட்டும்."

"புத்தகத்துலயும் அதான் போட்டிருக்கு."

"அப்ப அவனுக்கும் கொஞ்சம் விஷயம் தெரிஞ்சிருக்கு."

ஒரு மணிக்கு மகள் வந்தாள், மாப்பிள்ளை வந்தார், பின்னாலேயே மாப்பிள்ளையின் அப்பாவும் வந்தார். சம்பந்தி. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டில் அவரோடு ஒரே அறையில் இரண்டு நாள் இருந்து பார்த்திருக்கிறார் வெல்டர். பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் உரக்கப் படிப்பார். நாம் கேட்கவில்லை என்று தெரிந்தால் மறுபடி முதல் வரிக்குப் போவார். இந்த ஆளோடு ஒரு மூலையில் மிச்ச காலத்தைத் தள்ளுவதா? அதற்காகவே இன்றைக்குச் சாப்பாடு ஜெயிக்கவேண்டும்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். மகள் மீனைக் கிள்ளி வாயில் வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். கணவன் தன் அப்பாவைப் பார்த்தார். அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், செல்லாத டிக்கெட்டைப் பார்ப்பதுபோல.

"மீனுக்கு எவ்வளவு வெச்சீங்க?" என்றார் சம்பந்தி.

"பாதி. ஆறு நிமிஷம்."

"ஏன் பாதி?"

"ஃபுல்லுல வெச்சா செருப்பாயிடும்."

"கிழங்குக்கு?"

"ஃபுல்லு."

"அதுக்கு மட்டும் ஏன் ஃபுல்லு?"

"கனம் வேற, கரண்ட் வேற. இது கூடத் தெரியாதா சம்பந்தி?"

"முட்டை இன்னும் கொஞ்சம் கெட்டியா வருமா?"

"அரை நிமிஷம் கூட வெச்சா வரும்."

"காலையில பால் சுட வைப்பீங்களா? பொங்காம?"

"அதையும் கண்டுபிடிச்சுடுவேன். பெட்டி இப்ப நான் சொன்னபடி கேக்குது."

சம்பந்தி இரண்டாவது துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான், வெல்டருக்குத் தெம்பு வந்துவிட்டது. எழுந்து நின்று மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. எனக்குச் சமைக்கத் தெரியும். எனக்கு யாரும் வேண்டாம். இந்த வீட்டை விட்டு ஓரடி நகர மாட்டேன். நேர்ல பேசணும்னியே, பேசிட்டேன்!"

மகள் முகம் மலர்ந்தது. "நகரவே வேணாம்ப்பா. நீங்க இங்கயே இருக்கணும்னுதான் எங்களுக்கும் ஆசை."

இத்தனை சுலபமாக விட்டுக்கொடுக்கிற குடும்பம் இல்லையே இது, என்று வெல்டர் யோசித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

சம்பந்தி மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டு மகன் பக்கம் திரும்பினார்.

"சாப்பாடு பாஸுடா. போய் வண்டியிலேருந்து என் பெட்டி படுக்கையை எல்லாம் இறக்கு, நீங்க ரெண்டு பேரும் வெளிநாட்டு வேலைக்குக் கவலையில்லாம கிளம்புங்க, நான் இனிமே சம்பந்தியோடவே இருந்துக்கறேன்."