ஆட்டுத் தோலில் ஓடிய நூல்

இந்தக் கிழமை முழுக்கச் சாதாரணத் தையல் நூல் தனுஷிகாவின் காலை வாரிக்கொண்டிருந்தது.

காயம் தைக்கும் நூல் சதையில் உரசி இழுபட்டால் புண் பெரிதாகும். அந்த உரசலைக் குறைக்க நூலுக்கு ஒரு பூச்சைக் கண்டுபிடித்து, இரண்டு வருடமாக அளந்துகொண்டிருக்கிறாள். திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்திருக்கும் ஆய்வுகூடத்தில், ஆட்டுத் தோலில் நூலைக் கோத்து, நுனியை இழுவிசை காட்டும் மானியில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றி இழுப்பாள். நாளுக்கு இருநூறு தரம். அந்தப் பொறுமைக்கே தனியாக ஒரு பட்டம் கொடுக்கலாம்.

சாதாரண நூல் எண்பது கிராம் காட்ட வேண்டும். அவளுடைய நூல் நாற்பது. இப்போது இரண்டுமே நாற்பது! வெள்ளிக்கிழமை சத்திரசிகிச்சை நிபுணர் டொக்டர் ஹஸன் வருகிறார். வித்தியாசத்தைக் கண்ணால் கண்டால்தான் அவளுடைய நூலைத் தன் ஆஸ்பத்திரி வாட்டுக்குள் விடுவார்.

ஊசியை மாற்றினாள். நாற்பது. புது நூல் பொதி உடைத்தாள். முப்பத்தெட்டு.

"தோல் பழசாப்போச்சுதோ தெரியேல்ல, மைமூனாக்கா. கிண்ணியாவில இருந்து புதுசு எடுப்பிப்பம்," என்றாள், தடிமன் பிடித்த மூக்கை உறிஞ்சியபடி.

ஆய்வுகூட உதவியாளர் மைமூனாவுக்குக் கண் கலங்கியது. "எடுப்பிக்கிறன் மிஸ். ஆனா உங்கட கையைப் பாருங்க, வீங்கிப்போச்சு! தோலைக் கழுவி ஆயத்தப்படுத்துறதை வழமைபோல நான் பாக்கிறன். நீங்க தேத்தண்ணி குடியுங்க."

இப்படி ஒரு மனுசி வாய்க்க எத்தனை பேருக்குக் கொடுப்பினை என்று தனுஷிகா உருகிப்போனாள்.

புதுத் தோல் வந்தது. முப்பத்தைந்து.

வெள்ளிக்கிழமை முகக்கவசத்தோடு வந்த டொக்டர், தானே கைப்பிடியைச் சுற்றினார். சாதாரண நூல் முப்பது. தனுஷிகாவின் நூலும் முப்பது.

"பிள்ளை, உங்கட உழைப்பு பெரிய உழைப்பு. இல்லையெண்டு சொல்லேலாது," என்றார் டொக்டர், கையுறையைக் கழற்றியபடி. "ஆனா சாதாரண நூலே இப்பிடி ஓடுதெண்டால், உங்கட பூச்சு என்னத்துக்கு?"

தனுஷிகா அளவுக் குறிப்பேட்டை மூடினாள். இரண்டு வருடம்!

தேநீர்த் தட்டோடு வந்த மைமூனாவால் அதைப் பொறுக்க முடியவில்லை. தட்டை மேசையில் 'டக்'கென்று வைத்தார்.

"ஓடாமல் என்ன செய்யும், டொக்டர்? மிஸ்ஸுக்குக் கை நோகுமெண்டு திங்கட்கிழமையில இருந்து தோலுக்குத் தேங்காயெண்ணெய் பூசுறது நான். இண்டைக்கு நீங்களும் இழுப்பீங்களெண்டு ரெண்டு கரண்டி கூட விட்டனான்!"