அறுபது ஃபிரேம் சித்தர்

சனிக்கிழமை காலை. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலைவிட ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் அதிகம். படூரிலிருந்தும் கேளம்பாக்கத்திலிருந்தும் பைக் பைக்காக வந்து இறங்கினார்கள். எல்லாம் படித்த கூட்டம். கம்ப்யூட்டரையே கட்டி மேய்க்கிற கூட்டம். ஒரு கையில் எலுமிச்சம்பழம், மறு கையில் போன். உள்ளே எழுந்தருளியிருந்தவர் அறுபது ஃபிரேம் சித்தர். போன வருஷம்வரை மதுராந்தகத்தில் மனை விற்றவர்.

ஆன்லைனில் துப்பாக்கிச் சண்டை ஆடுகிறவர்களுக்கு எஃப்.பி.எஸ். என்றால் உயிர். திரை நொடிக்கு எத்தனை படம் காட்டுகிறது என்கிற கணக்கு அது. ஆட்டத்திலேயே ஒரு பொத்தானைத் தட்டினால் மூலையில் பச்சையாக எண் தெரியும். அறுபது என்றால் ஆட்டம் வெண்ணெயாய் வழுக்கும். முப்பது என்றால் மாட்டுவண்டி. எண் இறங்குவது சனி பார்வை என்றார் சித்தர். மண்டபத்தின் மணமகள் அறைதான் கருவறை. போனை அதற்குள் கொண்டுபோய் மந்திரம் ஓதித் தருவார்; எண் ஏறியிருக்கும்.

ஏறியதென்னவோ உண்மை. கூட்டத்தில் போனோடு நின்ற ஜெஸ்ஸியை உறுத்தியதே அதுதான்.

முந்தின வாரம் படூர் கல்லூரியில் நடந்த போட்டியில் அவள் அணி அரையிறுதியில் தோற்றது. அலுவலக நண்பன் இனியனைப் பின்பக்கம் காவலுக்கு நிறுத்தியிருந்தாள். அந்தப் பக்கமாகவே எதிரி வந்து எல்லோரையும் சுட்டுத் தள்ளினான்.

"செவுத்துல அவன் நிழல் விழுந்துதே, பாக்கல?"

"இன்னா நிழல்? என் போன்ல ஒண்ணும் தெர்லியே."

வாங்கிப் பார்த்தாள். நிழல் மட்டுமா? மரத்தில் இலை இல்லை. தரையில் புல் இல்லை.

"உன் ஆளுக்கே நிழலக் காணோமே, இனியா!"

"தோஷம் போச்சுல்ல? அதோட நிழலும் போய்ட்ச்சி. சித்தர் சொன்னாரு." தோல்விக்கும் அவனிடம் காரணம் இருந்தது. "நீ நம்பல, அதான் தோத்தோம். உன் போனயும் பூஜைக்குக் குடு. இல்லாட்டி டீம்ல நீ வேணாம்."

அணியில் மற்ற இருவரும் தலையாட்டினார்கள். மாசக்கணக்காக ஒன்றாக ஆடியவர்கள்! "சரி, குடுக்குறேன்" என்றாள் ஜெஸ்ஸி.

இன்று மண்டபத்தில் போனைக் கொடுக்கும் முன் ஒரு காரியம் செய்தாள். திரையில் நடப்பதையும் பேச்சையும் பதிவு செய்கிற வசதியை ஓடவிட்டாள்; திரையின் மேலே சிவப்பாக ஒரு புள்ளி வந்தது. சீடர் லட்சுமணன் போனைக் கற்பூரத் தட்டில் ஏந்திப் போனார். உள்ளே மணி அடித்தது. கொஞ்ச நேரத்தில் சித்தர் வெளியே வந்து போனைத் தூக்கிக் காட்டினார். அறுபது! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"உங்க மகிமைய எல்லாரும் பாக்கட்டும், சாமி" என்று ஜெஸ்ஸி போனை மண்டபத்துப் பெரிய டிவியில் இணைத்தாள். சித்தர் பெருமையோடு தாடியைத் தடவினார். அவள் பதிவை நிறுத்தி, அதையே போட்டுக் காட்டினாள். திரையில் ஆட்டத்தின் செட்டிங்ஸ் திறந்தது. மணிச் சத்தத்துக்கு நடுவே மந்திரம் கேட்டது:

"லட்சுமணா, இன்னாடா இது, மேல செவப்புப் புள்ளி கீது?"

"வுடு அண்ணாத்த, குங்குமம் ஒட்டிகினு இருக்கும்."

"சரி, மணிய ஆட்டிகினே இரு. இந்தப் பொண்ணு இன்னா எல்லாத்தயும் ஏத்தி வெச்சிகீது! நிழல அணை... புல்ல அணை... படத்தக் கொறை... சீக்கிரம்டா, நாஸ்தா ஆறிப்பூடும்."

ஜெஸ்ஸி செட்டிங்ஸைப் பழையபடி மாற்றினாள். நிழல் திரும்பியது, புல் முளைத்தது, அத்தனையையும் வரைய முடியாமல் போன் திணற, எண் சரிந்தது. போனை இனியனிடம் நீட்டினாள்.

"இப்ப நீ அணைச்சுப் பாரு."

இனியன் ஒவ்வொன்றாக அணைத்தான். அறுபது.

"நான் மந்திரம் ஒண்ணும் சொல்லலியே..." என்றான் மெதுவாக. அவளை நிமிர்ந்து பார்க்க அவனுக்கு முகமில்லை.

"அந்தப் பொத்தானுக்குள்ள இருக்கறதே நான்தான்!" என்று சித்தர் கடைசி அஸ்திரத்தை வீசினார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு மண்டபம் முழுக்கப் பரவியபோது, பொத்தானுக்குள் இருந்தவர் பின்வாசல் வழியாக ஈ.சி.ஆர். பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார். பழக்கதோஷம், லட்சுமணன் மட்டும் இன்னும் மணியை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஸாரி, ஜெஸ்ஸி" என்றான் இனியன். அவள் பதில் சொல்வதற்குள், பட்டை பட்டையாகத் திருநீறு பூசிய மென்பொருள் மேலாளர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ஒரு டவுட்டும்மா. அந்த நிழல அணைக்க நல்ல நேரம் எது?"

"மொதல்ல மூளைய ஆன் பண்ணுங்க, சார்" என்றாள் ஜெஸ்ஸி. "அதுக்கு ராகுகாலம், எமகண்டம் ஒண்ணும் கெடையாது."