ஓட்டல் பங்கும் ஒரு பாவமும் அறியாத ஜீப் டிரைவரும்

மூடி வைத்த டப்பாவைக் கண்டால் திறந்து பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. யார் வீட்டுக்குப் போனாலும் சரி. உள்ளே மிளகாய்த் தூள்தான் இருக்கும், தும்மல்தான் வரும் என்று தெரியும். ஆனாலும் திறப்பேன். இந்தக் குணத்தால் எனக்கு நேர்ந்த அவமானங்கள் பல. ஆனால் ஒருமுறை நான் திறந்து பார்க்கப் போய், என் கணவர் அவமானப்பட்டார். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். ("எழுதிக்கோ. மலைக்கே தெரிஞ்சதுதானே" என்றார்.)

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஏற்காட்டுக்கு வாழ வந்து, மஞ்சக்குட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். கணவர் சேகர், மஞ்சக்குட்டைக்கும் ஏற்காடு டவுனுக்கும் நடுவே ஷேர் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் அதுவரை ஷேர் என்றால் ஜீப்தான்.

ஊரடங்கெல்லாம் முடிந்திருந்த சமயம். போனில் சமையல் வீடியோ பார்க்கப் போனவள் எப்படியோ வழுக்கிப் பங்குச் சந்தை வீடியோவுக்குள் விழுந்துவிட்டேன். சந்தையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். ஒருவர்கூட இன்றைக்கு இதை வாங்கு, நாளைக்கு அதை விற்றுவிடு என்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். ஊரே விற்றுவிட்டு ஓடும்போது நீ நின்று திரும்பிப் பார் என்றார் ஒருவர். வாங்கிய பிறகு ஐந்தாறு வருஷம் அதை மறந்துவிட்டு உன் வேலையைப் பார் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் சொன்னதுதான் என்னைக் கவிழ்த்தது. அவர் ஒரு செருப்புக் கம்பெனியின் பங்கை வாங்குவதற்கு முன் நாற்பது செருப்புக் கடை ஏறி இறங்கினாராம். நேரில் போய்ப் பாருங்கள் என்றார்.

போய்ப் பாருங்கள் என்று என்னிடம் போய்ச் சொல்லலாமா?

ஒரு ஓட்டல் கம்பெனி இருந்தது. பெயர் வேண்டாம். அதன் பங்கு ஆறு மாதமாகக் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. இனி யார் சுற்றுலா போகப் போகிறார்கள் என்று எல்லோரும் விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கம்பெனியின் பெயர்ப் பலகையைத் தாங்கிய ரிசார்ட் ஒன்று எங்கள் மலையிலேயே, கிளியூர்ப் பக்கம் இருந்தது. கையில் ஓடு மாற்ற வைத்திருந்த சீட்டுப் பணமும் இருந்தது. (எங்கள் வீட்டுக் கூரையில் மூன்று இடத்தில் ஒழுகும். நான்காவது இடம் ஆலோசனையில் இருந்தது.)

காலாண்டு விடுமுறையின் முதல் நாள், "கிளியூர்ல ஒரு டீச்சரைப் பாத்துட்டு வரேங்க" என்று சேகரிடம் பொய் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். வாங்கி முடிக்கும்வரை ஊரில் யாரிடமும் மூச்சு விடாதே என்பதும் அந்த அனுபவசாலிகளின் வாக்கு. புருஷனும் ஊரில் சேர்த்தியா என்று யாரும் விளக்கவில்லை.

நல்ல மூடுபனி. ரிசார்ட்டின் முன்வாசலில் நின்றிருந்த கார்களை எண்ணினேன். ஏழு. இரண்டு காருக்கு டயரில் காற்றே இல்லை, அவற்றைக் கழித்தேன். பிறகு காபிச் செடிகளுக்கு நடுவே போன ஒற்றையடிப் பாதையில் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். அங்கே கம்பிக் கொடிகளில் வெள்ளை வெளேரென்று பெட்ஷீட் தொங்கியது. வரிசை வரிசையாக எண்ணினேன். அறுபத்திரண்டு. ஒரு ரூமுக்கு இரண்டு என்றால் முப்பத்தொரு ரூமில் ஆள். மழைக்காலத்தில், பனியில், யாருமே சுற்றுலா போக மாட்டார்கள் என்ற நாட்டில், முப்பத்தொரு ரூம். நோட்டை எடுத்து எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

"யாரு கண்ணு அது?"

துணி துவைக்கும் இடத்திலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். பழனியம்மா. அங்கே ரூம் கூட்டித் துணி அலசும் வேலை. கிளியூர்க்காரர். ஐம்பது வயதிருக்கும், முழங்கை வரை சோப்பு நுரை.

"சும்மாதானுங்க. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"இங்க பாக்க என்ன கண்ணு இருக்குது?"

"இங்க தினமும் எத்தனை பேரு வந்து தங்கறாங்க? ஜோடியா வர்றவங்க எத்தனை, குடும்பமா வர்றவங்க எத்தனைன்னு தெரியுங்களா?"

பழனியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். கழுத்தில் தாலியைப் பார்த்தார். கையில் நோட்டைப் பார்த்தார். பிறகு ஒரு டம்ளரில் பால் விடாத கட்டங்காப்பி கொடுத்தார். மலைக்காரர்களுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாளும் போனேன். எண்ணினேன். அதே அறுபத்திரண்டு. நேற்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுகூடக் குறையவில்லை. இதைத்தானே நிலையான வருமானம் என்கிறார்கள்? புல்லரித்துவிட்டது. பழனியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எத்தனை நாளா நடக்குது கண்ணு?"

நான் எதையோ கவனிக்கிறேன் என்பதைப் புரிந்துகொண்டுவிட்டார் போலிருக்கிறது, இனி முழுக்க மறைத்துப் பயனில்லை என்று நினைத்தேன். ஆனாலும் பங்கு என்ற வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

"ஆறு மாசமா கவனிச்சிட்டு இருக்கேங்க. கீழதான் போயிட்டே இருக்குது. எல்லாரும் விட்டுத் தொலைன்னுதான் சொல்றாங்க."

"நீ என்ன நெனைக்கறே?"

"இப்ப விடக் கூடாதுங்க. இன்னும் கொஞ்சம் மோசமானாக்கூடப் பொறுத்துக்கணும். அஞ்சாறு வருஷத்துல கண்டிப்பாத் திரும்பி வந்துரும்."

பழனியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதலீட்டுப் பொறுமையைக் கேட்டு இவ்வளவு உருகிய ஒருவரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

"உன்ர ஊட்டுக்காரரு என்ன பண்றாரு கண்ணு?"

"மஞ்சக்குட்டை லைன்ல ஜீப் ஓட்டறாருங்க. பச்சை ஜீப்பு."

"பச்சை ஜீப்பா" என்று தலையை ஆட்டிக்கொண்டார். அவ்வளவுதான்.

அன்று மத்தியானமே, சீட்டுப் பணம் மொத்தத்துக்கும் பங்கை வாங்கிவிட்டேன். ஆனால் மூன்றாம் நாளும் போனேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தாலி கட்டிய மறுநாள் ஜாதகத்தை எடுத்துப் பொருத்தம் பார்ப்பவளின் நிலைமை.

பழனியம்மா வாசலிலேயே காத்திருந்தார்.

"வந்தியா கண்ணு. ஸ்டாண்டுல விசாரிச்சுட்டேன். தினம் பதினொண்ணுல இருந்து ஒரு மணி வரைக்கும் உன்ர ஊட்டுக்காரரு அங்க இல்லீங்களாமா." (அந்த நேரத்தில் அவர் வழியில் எங்காவது மரத்தடியில் ஜீப்பை நிறுத்திவிட்டுத் தூங்குவார். இது எனக்குத் தெரியும். பழனியம்மாவுக்கு எதற்கு என்றுதான் புரியவில்லை.) "வா, பதினாலாம் நம்பர் ரூமைக் காட்டறேன்."

ரூமை உள்ளே பார்க்க விடுகிறார்கள். கம்பெனியைச் சோதிக்க வந்தவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆவலோடு பின்னால் ஓடினேன். பதினான்காம் நம்பர் ரூமுக்கு முன்னால் ஒரு பச்சை ஜீப் நின்றிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. சுவரில் பெயின்ட் புதிதா பழையதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழனியம்மா கதவைக் கையால் தட்டவில்லை, துடைப்பக் கட்டையால் இடித்தார். இடுப்பில் துண்டோடு, முகமெல்லாம் ஷேவிங் நுரையோடு ஒரு மனிதர் திறந்தார்.

"இவருதானா கண்ணு?"

நான் அந்த மனிதரின் தோளுக்குப் பின்னால் எட்டி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். டிவி பழசு, கூரையோரம் ஈரம் பூத்திருக்கிறது. அப்போது உள்ளேயிருந்து, "யாருங்க அது?" என்று ஒரு பெண் குரல்.

அந்தக் குரல் போதும் என்று பழனியம்மா நினைத்துவிட்டார். "வெளிய வா தாயி. இந்தப் புள்ளையோட ஊட்டுக்காரரோட உனக்கு என்ன சோலி? மூணு நாளா பனியில வந்து நின்னு அழுதுட்டுப் போகுது."

வெளியே வந்த பெண்மணிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நிதானமாக எங்கள் மூவரையும் பார்த்தார். "ஏனுங்க, இவரு எனக்குத் தாலி கட்டி இருவத்திரண்டு வருஷமாச்சுங்களே" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நுரை மனிதர் மிகவும் பயத்தோடு பார்த்தார்.

"இவரு என்ர ஊட்டுக்காரரு இல்லீங்க" என்றேன்.

"அப்ப உன்ர ஆளு எந்த ரூம்ல?" என்றார் பழனியம்மா, துடைப்பத்தைக் கீழே போடாமல்.

மேனேஜர் ரூமில் எங்களை உட்கார வைத்தார்கள். வாட்ச்மேன் அதற்குள் ஜீப் ஸ்டாண்டுக்குப் போன் செய்து சேகரின் நம்பரை வாங்கி, அவரிடமே, உங்கள் சம்சாரம் இங்கே உங்களைத் தேடி ரகளை செய்கிறார் என்று சொல்லியிருந்தார். சேகர் பாதிச் சவாரியில் திரும்பி வந்தார். கூடவே ஜீப்பில் இருந்த ஆறு பேரும், பட்டர் ஃப்ரூட் கூடையோடு ஒரு பாட்டியும் வந்து சன்னலோரம் நின்றார்கள். ஒருவரும் சவாரிக்கு அவசரப்படுத்தவில்லை என்று சேகர் பிறகு சொன்னார்.

"ஏன் கலா, என்ன ஆச்சு?" என்றார். முகம் வெளுத்திருந்தது.

வேறு வழியில்லை. சொன்னேன். "இந்தக் கம்பெனியோட பங்கு வாங்கியிருக்கேங்க. ஓட்டல் நல்லா ஓடுதான்னு பாக்க வந்தேன். பெட்ஷீட்டை எண்ணினேன். தினமும் அறுபத்திரண்டு காயுது."

பழனியம்மாதான் முதலில் பேசினார்.

"தினமும் எங்க கண்ணு? அது ஞாயித்துக்கிழமை தொவைச்சதாச்சே. இந்தப் பனியில அஞ்சு நாளா காய மாட்டீங்குது."

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். "அதுவுமில்லாம, இது அந்தக் கம்பெனி நடத்தற இடமே இல்லீங்க மேடம். நாங்க குத்தகைக்கு எடுத்து நாலு வருஷமாச்சு. பழைய போர்டை மாத்தாம விட்டுட்டோம்."

பனியில் காயாத பெட்ஷீட்டை, வேறு ஒருவனுடைய ரிசார்ட்டில், இரண்டு நாள் எண்ணியிருக்கிறேன். நான் கணக்கு டீச்சர்.

எங்களோடு உட்கார்ந்திருந்த பதினான்காம் நம்பர் பெண்மணி சிரிக்க ஆரம்பித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, கண்ணில் தண்ணீர் வர வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சேலத்தில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கிறாராம். இருபது வருஷமாகப் பங்குச் சந்தையிலும் இருக்கிறாராம்.

"நான் ஒரு பிஸ்கட் ஃபேக்டரி வாசல்ல நின்னு லாரி எண்ணுனேங்க" என்றார். "யூனியன்ல இருந்து வந்திருக்கேன்னு நெனைச்சு உள்ள கூட்டிட்டுப் போயி, கோரிக்கை என்னன்னு கேட்டாங்க. நானும் ரெண்டு கோரிக்கை சொல்லிட்டு வந்துட்டேன்." பிறகு என்னிடம், "ஆண்டறிக்கை படிச்சீங்களா? குத்தகைக்கு விட்ட இடமெல்லாம் அதுலயே போட்டிருப்பாங்களே" என்றார்.

"இல்லீங்க. எல்லாரும் விக்கறாங்கன்னுதான் வாங்குனேன்."

"விக்கறவங்க சொல்ற காரணம் சரியாக்கூட இருக்கலாமில்லீங்களா? மொதல்ல அவங்க சொல்றதைக் கேக்கோணும். கேட்டுட்டும் அவங்க தப்புன்னு தோணுச்சுன்னா வாங்கோணும்."

அவர் கணவர் ஒரு கன்னத்தில் மட்டும் நுரையோடு, "நான் போயி மீதியை வழிச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டார். மேனேஜர் அனுமதித்தார்.

திரும்பி வரும்போது ஜீப்பில் ஆறு பேரும் பாட்டியும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் இறங்கிய பிறகு சேகர் கேட்டார்.

"எந்தக் காசு?"

"ஓடு மாத்த வெச்சிருந்ததுங்க."

அடுத்த வளைவில் ஹாரனை நீளமாக அடித்தார். "அப்ப எம்மேல சந்தேகம் எதுவும் இல்லே?"

"சேச்சே. இல்லீங்க."

"சரி, விடு" என்றார். ஆனால் அன்றிலிருந்து பதினொரு மணிக்குத் தூங்குவதை நிறுத்திவிட்டார்.

அந்த ஐப்பசி மழையில் கூரையின் நான்காவது இடமும் ஆலோசனையை முடித்துக்கொண்டு ஒழுகியது. தரையெல்லாம் குண்டான். நடுவில் உட்கார்ந்து, அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கி இரண்டு வாரம் படித்தேன். முதலில் பயத்தில்தான் படித்தேன். பிறகு, மூடிய டப்பாவில் இதைவிட நல்ல டப்பா இல்லை என்று புரிந்தது. கடன் எவ்வளவு, யாருக்கு, எந்த ஊரில் எத்தனை ரூம், எதை மூடினார்கள், ஏன் மூடினார்கள் எல்லாம் உள்ளே இருந்தது. விற்பவர்கள் சொன்ன காரணத்தில் பாதி சரி, பாதி அவசரம் என்று எனக்குத் தோன்றியது. விற்கவில்லை. அடுத்த வருஷம் அது இன்னும் இறங்கியது. சேகர் தன் ஜீப் காசில் ஓடு மாற்றினார். அதற்கடுத்த வருஷம் பங்கு மெல்லத் திரும்பி, நான் வாங்கிய விலையைத் தாண்டியது. அதில் என் சாமர்த்தியம் எவ்வளவு, விற்றால் அந்தக் கதையை மறுபடி பேச வேண்டுமே என்ற வெட்கம் எவ்வளவு என்று என்னால் இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பழனியம்மா மட்டும் பங்குக் கதையை நம்பவே இல்லை. "பாவம் அந்தப் புள்ள, புருஷனைக் காப்பாத்த பெட்ஷீட் எண்ண வந்தேன்னு என்னமோ சொல்லுது" என்று கிளியூர் முழுக்கச் சொன்னார். கிளியூரிலிருந்து அது வாழவந்தி வரை போனது. ஒரு வருஷத்துக்கு மேல் பெண்கள் சேகரின் ஜீப்பில் முன் சீட்டில் உட்காரவே மாட்டார்கள். நான் மறுக்க மறுக்க என் பெருமைதான் கூடியது.

போன மாதம் பழனியம்மா மகளுக்குக் கல்யாணம். எங்கள் இருவரையும் கையைப் பிடித்து முதல் பந்தியில் உட்கார வைத்து, சேகருக்குத் தானே பாயசம் ஊற்றினார். பக்கத்து இலைக்காரரிடம் சத்தமாகவே சொன்னார்: "இவருதானுங்க. நொம்ப மோசமா இருந்தாரு. இப்பத் தங்கமாத் திருந்திட்டாரு. அந்தப் புள்ளதான் விடாம இருந்து மீட்டுச்சு."

சேகர் தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக்கொண்டார்.

ஜீப்பில் திரும்பும்போது வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார். "ஏன் கலா, நான் ஒண்ணுமே பண்ணாம கீழ போனேன். ஒண்ணுமே பண்ணாம இப்ப மேல வந்துட்டேன். உன்ர பங்கும் இப்படித்தானா?"

"பாதிக்குப் பாதி அப்படித்தானுங்க."

"அப்ப ரெண்டையும் விக்காம வெச்சிரு" என்றார்.