வெளிவிவகாரம் அண்ணையும் ஓசி ஃப்ரீசரும்

இந்தியா என்கிற வல்லரசோடு தனியாளாக மோதி, அதையும் ஸ்விட்சர்லாந்து மண்ணில் வைத்து மண்ணைக் கவ்வ வைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் சூரிச்சில் ஓர் ஓட்டலில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. சூரிச்சை ஒட்டிய ஷ்லீரனில் இருந்த இலங்கைத் தமிழர் அத்தனை பேருக்கும், எந்நேரமும் நாடுகளின் விவகாரமே பேசுவதால், அவர் வெளிவிவகாரம் அண்ணை. யாழ்ப்பாணத்தில் பஸ் ஓட்டியவர். தொண்ணூறுகளில் நான் கம்ப்யூட்டர் வேலைக்காகச் சென்னையிலிருந்து போய் இறங்கி, புளி தேடி, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பவளம் அக்காவின் கடைக்குள் நுழைந்தேன். அண்ணை அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் தமிழைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"தம்பி இந்தியாவோ?"

"ஆமாங்க."

"அப்ப சொல்லுங்கோ. எங்கட ரோட்டு முழுக்க உங்கட பஸ்ஸையும் ஆட்டோவையும் கொண்டுவந்து விட்டிருக்கிறியளே, என்ன யோசனை?"

நான் அதுவரை ஒரு சைக்கிளைக்கூட ஏற்றுமதி செய்தவனில்லை. அப்படியே சொன்னேன். அவர் நம்பவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கடையில் நான்தான் இந்திய அரசாங்கம். கொழும்பில் வெங்காயம் விலை ஏறினால் நான் பதில் சொல்ல வேண்டும். இரண்டு நாடும் வரியில்லாமல் வியாபாரம் செய்ய ஒப்பந்தம் போடப் போவதாகப் பேப்பரில் வந்த அன்று எனக்கு டீகூடக் கிடைக்கவில்லை. "பவளம், வல்லரசுக்குத் தேத்தண்ணி குடாத. கோப்பையையும் சேர்த்துக் கொண்டுபோயிடுவினம்" என்று தடுத்துவிட்டார்.

அண்ணையின் சித்தாந்தம் எளிமையானது. "பெரிய நாடு துவக்கோட, பட்டாளத்தோட வந்தால் சின்ன நாடு முழிச்சுக்கொள்ளும். சாமானோட வந்தால் சிரிச்சுக்கொண்டு கதவைத் திறந்து விடும். முதல் பஸ்ஸை மலிவாத் தருவினம். பிறகு அதில ஒரு ஆணி கழண்டாலும் அவையளிட்டத்தான் போகோணும். நான் ஓட்டின ஆள் தம்பி, எனக்குத் தெரியும்."

பவளம் அக்கா "ஓம், ஓம்" என்றபடி பருப்பு நிறுப்பார். அதுவும் இந்தியாவிலிருந்து வந்த பருப்புதான். அண்ணையே வாராவாரம் வாங்கிப் போவார். கேட்டால், "எதிரியின்ர பலத்தை அறிய வேண்டாமோ?" என்பார்.

இப்படியிருக்கையில் ஒரு நாள் இந்தியா நிஜமாகவே கடைக்குள் வந்தது. எங்கள் ஊர் மசாலா கம்பெனி ஒன்றின் ஏஜென்ட், கோட்டும் டையுமாக வந்து, ஆளுயர ஃப்ரீசர் ஒன்றை இலவசமாக இறக்கிவிட்டுப் போனார். ஒரே ஒரு நிபந்தனை. அதற்குள் கம்பெனிச் சரக்கைத் தவிர வேறு எதையும் வைக்கக்கூடாது.

அண்ணை அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். டயரில் காற்று பார்ப்பவர் மாதிரி கீழே ஓர் உதை விட்டார்.

"பவளம், இது பஸ்."

"அண்ணை, இது ஃப்ரீசர்."

"நான் சொல்லுறன், இது பஸ்."

அவர் சொன்னபடிதான் நடந்தது. அடுத்த மாதம் கடைக்கு வெளியே புதுப் பலகை வந்தது. அதில் கம்பெனிப் பெயர் பெரிதாக இருந்தது, அக்காவின் கடைப் பெயர் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தது. பிறகு கண்ணுக்கு நேராக இருந்த அலமாரித் தட்டுகளெல்லாம் கம்பெனிப் பாக்கெட்டுகளுக்குப் போயின. கடைசியில் ஏஜென்ட் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி, "அக்கா, உங்க சொந்தப் பொடியை நிறுத்திடுங்க. இல்லேன்னா எங்க சரக்கு, ஃப்ரீசர் எல்லாத்தையும் எடுத்துக்க வேண்டியிருக்கும். அடுத்த மாசம் உங்க தமிழர் ஸ்போர்ட்ஸ் டே முடிஞ்சதும் பதில் சொல்லுங்க" என்றார்.

அந்தப் பொடி அக்காவே வறுத்து அரைத்த யாழ்ப்பாணக் கறித்தூள். ஆஸ்பத்திரியில் தரை துடைத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் வீடு வீடாகத் தூள் விற்றுத்தான் அந்தக் கடையையே அவர் பிடித்தார். தூளை விட்டால் அது அக்காவின் கடையே அல்ல. விடாவிட்டால் பாதிக் கடை காலி. அக்கா கல்லாவைத் துடைத்துக்கொண்டே நின்றார். எனக்கு என் நாட்டின் மேலேயே கோபம் வந்தது.

தமிழர் விளையாட்டுப் போட்டி வந்தது. மதியச் சாப்பாடு கம்பெனியின் உபயம். அண்ணை காலையிலேயே ஒரு நாற்காலிமேல் ஏறி, "ஒருத்தரும் வாய் வைக்கக் கூடாது!" என்று முழங்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். ஓட்டப் பந்தயம் முடிந்து சோறு திறந்ததும் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். நான் இரண்டாவது ஆள். முதல் ஆள் அண்ணை.

"உளவு பார்க்க நிக்கிறன்" என்றார். ஒரு வாய் வைத்தார். முகம் மாறியது. "தம்பி, உறைப்பே இல்லை. உங்கட நாட்டில எல்லாருக்கும் காய்ச்சலோ?"

அக்கா எங்கே போனாலும் கைப்பையில் ஒரு பெரிய தூள் டப்பா போகும். சுவிஸ் சாப்பாட்டுக்குப் பயந்து பழகிய பழக்கம். அண்ணை அக்காவிடம் போய் ஒரு கரண்டி தூவிக்கொண்டார். அவரைப் பார்த்துப் பத்துப் பேர் போனார்கள். கொஞ்ச நேரத்தில் கம்பெனி வரிசை காலி, அக்காவின் முன்னால் திருவிழாக் கூட்டம். கம்பெனிச் சமையல்காரர் மதுரைக்காரர். வியர்த்து வழிய ஓடி வந்தார்.

"அக்கா, அந்த டப்பாவை இப்படிக் கொடுங்க. அண்டா அப்படியே நிக்குது. ஏஜென்ட் சார் என்னைத் தொலைச்சிடுவாரு."

"குடாத பவளம்!" என்றார் அண்ணை.

"சனம் பசியோட நிக்குது அண்ணை" என்று சொல்லிவிட்டு, அக்கா நேராக நடந்துபோய் டப்பாவை அண்டாவில் கவிழ்த்தார். இன்னொரு கொதி வந்ததும் மைதானமே மணத்தது. அண்டா வழித்துத் துடைத்தாற்போல் காலியானது. ஏஜென்ட் டையைத் தளர்த்திக்கொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, மூன்றாவது தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஊருக்கே கேட்கும்படி கத்தினார்: "நம்ம பொடி இன்னைக்குத்தான்யா சரியா வந்திருக்கு!"

சமையல்காரர் அக்காவைக் கை காட்டினார். மைதானம் சிரித்த சிரிப்பு அடுத்த ஸ்டேஷனுக்குக் கேட்டிருக்கும்.

ஏஜென்ட் நல்ல மனிதர், அவரும் சிரித்துவிட்டார். பிறகு வியாபாரி ஆனார். "அக்கா, உங்க பொடியை நிறுத்தவே வேணாம். எங்க சரக்கு போற கடைகளுக்கெல்லாம் இதைக் கொடுப்பீங்களா?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் அண்ணை நடுவில் புகுந்தார். "குடுப்பம். ஒரே ஒரு நிபந்தனை. அவவின்ர தூளுக்குத் தனித் தட்டு. அந்தத் தட்டில வேற ஒரு சாமானும் வைக்கக் கூடாது."

ஏஜென்ட் கை நீட்டினார். அண்ணை அந்தக் கையைக் குலுக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். "எழுதிக்கொள்ளும் வல்லரசு! இண்டைக்குத் தொடக்கம் இந்தியாவுக்கு ஏற்றுமதி!" அக்காவின் சிரிப்பை நான் அன்றுதான் முழுதாகப் பார்த்தேன்.

வேலை முடிந்து நான் சென்னைக்குக் கிளம்பிய அன்று, சொல்லாமல் கொள்ளாமல் அண்ணை விமான நிலையத்துக்கு வந்தார். கையில் ஒரு தூள் டப்பா. "வல்லரசுக்கு எங்கட நாட்டின்ர அன்பளிப்பு. ஆனால் நிபந்தனை இருக்கு" என்று ஆரம்பித்தவர், என் பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நிபந்தனை என்னவென்று அவர் சொல்லவேயில்லை.

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு தட்டில் அந்த டப்பா மட்டும்தான் இன்றும் இருக்கிறது. தூள் தீர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. பக்கத்தில் ஒரு கடுகு டப்பாவை வைக்கக்கூட நான் யாரையும் விடுவதில்லை.