மகாராணியின் வாரிசுக்கு நான் போட்ட அம்புக்குறி

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சௌக்கியம். பயிற்சியை முடித்து நீயும் சௌக்கியமாகத் திரும்ப வேண்டும். உன் புள்ளிப் பல்லி மகாராணியும் சௌக்கியம்தான், என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு.

கிளம்பும்போது நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஜோடி போயிருச்சுண்ணா, இனி இவ போடுறதுதான் கடைசி முட்டை, ஒண்ணையாவது பொரிக்க வெச்சிரு" என்றாயே, அதை நான் மறக்கவில்லை. நீ எழுதிக் கொடுத்த காகிதத்தில் இருந்தபடி மகாராணி முட்டையிடத் தொட்டிக்குள் வைத்திருக்கும் ஈரப் பாசி டப்பாவைத் தினமும் திறந்து பார்த்தேன். பதினோராம் நாள் முட்டை கிடைத்தது. டப்பாவில் இல்லை, தொட்டிக்குப் பின்னால் அலமாரிப் பலகையில், பட்டாணி அளவில், வெள்ளை வெளேரென்று இரண்டு! "மூடி மேல நாலு தடிப் புஸ்தகம் இருக்கு, இவ எப்படிங்க வெளிய வந்து போட்டுட்டு மறுபடி உள்ள போனா?" என்றாள் உன் அண்ணி. "பெத்தவளுக்கு வழி தெரியும்" என்று நான் சொன்ன பதில் அப்போது எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது. முட்டை தோல் மாதிரி மெத்தென்று இருக்கும் என்று எழுதியிருந்தாய், சரிதானா என்று ஒன்றை விரலால் அழுத்தினேன். பட்டென்று உடைந்துவிட்டது. அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. சாயங்காலம் சேர்த்துச் சாப்பிட்டேன்.

மிச்சம் ஒன்று. முட்டை புரண்டால் உள்ளே உயிர் தங்காது, மேல்பக்கத்தைப் பென்சிலால் குறித்துவை என்றாய். பம்ப்செட் கம்பெனி பேக்கிங் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாகப் பெட்டிகளுக்கு அம்புக்குறி போடுகிறவனுக்கு இதைச் சொல்லித் தரவா வேண்டும்? அம்பு போட்டு, அதன் கீழே 'உடையும் பொருள்' என்று எழுத ஆரம்பித்தேன், 'உடை' என்பதோடு இடம் தீர்ந்துவிட்டது. "அதுக்கு நீங்களே உத்தரவு போடுறீங்களா?" என்றாள் அண்ணி. முட்டை பொரிக்க நீ கொடுத்த ஈரமான துகள்களை என் லஞ்ச் பாக்ஸில் நிரப்பி, முட்டையைப் பதித்து, இருபத்தெட்டு டிகிரி குறையாமல் காத்தோம். ஐம்பத்தொரு நாள் வீட்டில் மிக்ஸி ஓடவில்லை, கதவு சாத்தப்படவில்லை, நானும் தும்மலை வாசலுக்குப் போய்த்தான் தும்மினேன். நாள் நெருங்கிவிட்டதென்று நேற்றே இன்றைக்கு லீவு கேட்டு, காரணம் என்ற இடத்தில் 'வீட்டில் பிரசவம்' என்று எளிதாகப் போட்டேன். மானேஜர் எழுந்து நின்று கைகுலுக்கி, "இந்த வயசுலயா சார்?" என்றார். அதற்குள் பேக்கிங் பிரிவு முழுக்கத் தெரிந்துவிட்டது. இனி என்ன சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

இன்று காலை ஓடு விரிந்து, குண்டூசிக் கண்ணோடு வாரிசு வெளியே வந்தது! அம்மாவின் புள்ளி ஒன்றுகூட இல்லை. அப்பா ஜாடை போலிருக்கிறது. உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் அம்மா.

வேளாவேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். எங்கள் இருவர் ஆசியும் மகாராணியின் முறைப்பும் உனக்கு எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
இன்று காலை முதல் தாத்தாவாகிவிட்ட உன் அண்ணன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் வாரிசு என் கையிலிருந்து தாவி, விறுவிறுவென்று சுவரில் ஏறி, சீலிங்கில் தலைகீழாக நின்றது. "புள்ளிப் பல்லிக்குச் சுவர் ஏற வராதுன்னு உங்க தங்கச்சி எழுதியிருக்காளே" என்று அண்ணி உன் காகிதத்தின் பின்பக்கத்தை வாசித்தாள். பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும். ட்யூப்லைட் ஓரம் நம் வீட்டுச் சுவர்ப் பல்லி ஒன்று நின்றிருந்தது. வாரிசு அதன் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அதே ஜாடை.

உடனே அண்ணி பாசி டப்பாவைத் திறந்தாள். முதல் முட்டை கிடைத்த நாளிலிருந்து நான் அதைத் திறக்கவே இல்லை, அவள்தான் மூடித் துளை வழியே தண்ணீர் தெளித்து வந்தாள். உள்ளே கட்டைவிரல் நீளத்தில், தோல் போல மெத்தென்று, இரண்டு முட்டைகள்! டார்ச் அடித்தால் இளஞ்சிவப்பாக ஒரு வளையம் தெரிகிறது, உயிர் இருக்கிறது என்று அர்த்தமாம், அதுவும் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. நான் கையை நீட்டினேன். "தொடாதீங்க! பென்சிலைக் குடுத்துட்டு அங்கயே நில்லுங்க" என்றாள். இப்போது இரண்டும் லஞ்ச் பாக்ஸில் பத்திரமாக இருக்கின்றன. இத்தனை நாள் அவை பிழைத்துக் கிடந்ததற்குக் காரணம் முழுக்க முழுக்க நான்தான். அந்தப் பக்கமே போகவில்லையே!