சிற்றாற்றில் வைத்த பால்

படித்தவன் யோசனை சொன்னால், மாடு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது. தைரியமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் படித்தவன் நான்தான்.

எழுபதுகளின் கடைசி. பி.எஸ்ஸி. முடித்துவிட்டுத் தென்காசியில் வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். குத்துக்கல்வலசையில் கோமதி அக்காவும் இன்னும் ஏழு வீட்டுப் பெண்களும் காலைப் பாலை ஒரு பால்கார அண்ணாச்சிக்கு ஊற்றிவந்தார்கள். அவர் அதைக் குற்றாலத்து ஓட்டல்களுக்குக் கொடுப்பார். நடுவில் அவர் எதற்கு, நானே நேராகக் கொண்டுபோகிறேன் என்று வீடு வீடாகப் பேசினேன். (பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியவனை நம்பவே கூடாது.) அவர்களும் நம்பி, அண்ணாச்சியை நிறுத்திவிட்டார்கள்.

சீசன் நேரம். நான் பிடித்த ஓட்டல்காரர் பாதிப் பாலைக் காலையிலும் மீதியை மூன்று மணிக்கும் கேட்டார். அதுவரை கெடாமல் வைக்க அவரிடமும் குளிர்பெட்டி இல்லை, என்னிடமும் இல்லை. அருவித் தண்ணீர்தான் சில்லென்று இருக்கிறதே என்றது என் மூளை. அருவிக்குக் கீழே சிற்றாற்றின் ஓரம் இரண்டு கேன்களைக் கழுத்தளவு தண்ணீரில் இறக்கிப் பாறையோடு சேர்த்துக் கட்டினேன். மூன்று நாள் பால் கெடவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாலாம் நாள் மலையில் நல்ல மழை. மதியம் தண்ணீர் செம்மண் நிறமானது. போலீஸ்காரர் விசில் ஊதி எல்லோரையும் மேலே ஏற்ற, நான் மட்டும் கீழே இறங்கினேன். கயிறு அவிழவில்லை. (பி.எஸ்ஸி. முடித்தவன் போட்ட முடிச்சு.) ஒரு கேனின் மூடி பிடுங்கிக்கொண்டது, செந்தண்ணீரில் வெள்ளையாகப் பால் ஓடியது. கரையில் ஈரத்துண்டோடு நின்ற ஒரு பெரியவர் அதைப் பார்த்துக் கும்பிட்டார். "என்ன வேண்டுதலோ, பாவம்" என்றார் பக்கத்திலிருந்தவரிடம். போலீஸ்காரர் என் காலரைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டபோது கயிறு அறுந்து, கேன்கள் தென்காசிப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. நான்தான் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

கோமதி அக்கா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "போன பால் போவுது தம்பி. நாளைக்குக் காலையில மாடு கறக்கணும்லா. யாருக்கு ஊத்த?" என்று மட்டும் கேட்டார்.

கேனும் இல்லை, வேறு வழியும் இல்லை. அண்ணாச்சி வீட்டு வாசலில் போய் நின்றேன். அவரும் கோபப்படவில்லை, உட்காரச் சொன்னார். "ஊத்தச் சொல்லுங்க. ஆனா இனிமே சாயங்காலப் பாலும் எனக்குத்தான் வரணும்" என்றார். சாயங்காலப் பால், அந்த எட்டு வீட்டுப் பிள்ளைகள் குடித்துவந்தது. அதையும் நானே எட்டு வாசலிலும் போய்ச் சொன்னேன். ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு எனக்கு வேலை கிடைத்து, கல்யாணமும் ஆனது. ஆனால் இன்றுவரை வீட்டில் பால்சட்டியைத் தொட எனக்கு அனுமதி கிடையாது. வந்த மறுவாரமே மருமகளும் அதை என் கையிலிருந்து வாங்கிவிட்டாள். "குடுங்க மாமா, மழை வருத மாதிரி இருக்கு" என்றாள். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். சாயங்காலப் பால் விஷயத்தை மட்டும் நான் இதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.